வாதியாக வருகிறோம்

இந்துச் சிந்தனைக் கல்வியின் காலனிய நீக்கத்துக்கான கொள்கைப் பிரகடனம்

மேற்கத்தியப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இந்துச் சிந்தனை பாடப் பொருளாக இருக்கிறது, வாதமாகக் கேட்கப்படுவதில்லை. இந்துக்கள் யாரை வணங்குகிறார்கள், எதை உண்பதில்லை, எந்த ஆற்றில் நீராடுகிறார்கள், எந்தச் சாதிக்கு மேல் எந்தச் சாதி என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் உண்டு. அவர்கள் எதைப் பற்றித் தங்களுக்குள் வாதிட்டார்கள், எதைச் சான்றாக ஏற்றார்கள், எதை மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்பது அங்கே இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாகத் தன்னைத் தானே கேள்வி கேட்டு வளர்ந்த ஒரு சிந்தனை உலகம், கேள்வியே கேட்டறியாத மக்களின் வழக்கத் தொகுப்பாக இளம் மனங்களில் பதிகிறது.

இந்த நிலையை மாற்ற இவ்வியக்கத்தைத் தொடங்குகிறோம். ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், சுவடி படிப்பவர்கள், ஓதுவார்கள், வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர்கள் எனப் பல திசைகளிலிருந்தும் வந்து கூடியிருக்கிறோம். எங்களில் சைவர் உண்டு, வைணவர் உண்டு, கடவுளே இல்லை என்பவரும் உண்டு. எங்களை ஒன்று சேர்ப்பது ஒரே நிலைப்பாடு: உலகத்தின் அறிவு மன்றத்தில் இந்துச் சிந்தனை வாதியாக அமர வேண்டும். அங்கே அது வெல்லலாம், தோற்கலாம், திருத்தப்படலாம். காட்சிப்பொருளாக நிற்பதை மட்டும் இனி நாங்கள் ஏற்க மாட்டோம்.

1. இன்றைய வகுப்பறை

இங்கிலாந்தில் 2016 முதல் ஜிசிஎஸ்இ தேர்வில் சமயக் கல்வியை எடுக்கும் மாணவர் இரண்டு சமயங்களைப் படித்தாக வேண்டும். அவர் தேர்ந்தெடுக்கக் கூடியவற்றில் இந்து சமயமும் ஒன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் பண்டைய இந்தியா இடம்பெறுகிறது. ஆகவே இந்து சமயம் பாடத்தில் இல்லை என்று குறைப்பட இடமில்லை. குறை, அது இருக்கும் விதத்தில் இருக்கிறது.

அத்தகைய பாடத்தின் வழக்கமான அமைப்பைப் பாருங்கள். முதலில் சிந்துவெளி வரைபடம். அடுத்து நான்கு வருணங்களைக் காட்டும் ஒரு முக்கோணம். பிரமன் படைக்கிறான், திருமால் காக்கிறான், சிவன் அழிக்கிறான் என்றொரு அட்டவணை. வினைக்கும் மறுபிறப்புக்கும் சில வரி விளக்கம். தீபாவளி விளக்கு, கங்கைப் படித்துறைப் புகைப்படம். கடைசியில் பயிற்சிக் கேள்வி: இந்துக்கள் எதை நம்புகிறார்கள்?

அந்த அட்டவணையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதைச் சைவ சித்தாந்தி ஏற்க மாட்டார். சிவம் அம்மூவருக்கும் அப்பாற்பட்டது என்பார். வைணவர் ஏற்க மாட்டார். மூன்று தொழிலுக்கும் ஆதாரம் நாராயணன் ஒருவனே என்பார். வேதத்தை உயிராகக் கொண்ட மீமாம்சையின் பேராசான் குமாரிலர், உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதையே மறுத்தவர். ஈசுவரகிருஷ்ணரின் சாங்கியத்தில் படைப்புக் கடவுளுக்கு வேலை இல்லை. இவர்களை மறுத்துக் கடவுள் உண்டு என்று தர்க்கத்தால் நிறுவவே நியாய மரபின் உதயணர் ‘நியாயகுசுமாஞ்சலி’ எழுதினார். ‘இந்துக்கள் நம்புகிறார்கள்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் இவ்வளவு பெரிய விவாதத்தின் மேல் கதவைச் சாத்திவிடுகிறது.

பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். கான்ட்டும் ஹியூமும் மெய்யியல் துறையில் இருக்கிறார்கள். மிதிலையில் 14ஆம் நூற்றாண்டில் ‘தத்துவசிந்தாமணி’ எழுதிய கங்கேசரும், ஸ்ரீபாஷ்யம் செய்த இராமானுசரும் சமயவியல் துறையிலோ தெற்காசியவியல் துறையிலோ இருக்கிறார்கள். கங்கேசரின் நூல் காட்சி, அனுமானம், ஒப்புமை, சொல் என்ற நான்கு அளவைகளுக்கும் நான்கு பகுதிகளை ஒதுக்கி, அறிவு எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்று ஆராய்கிறது. மெய்யியலுக்கு இதைவிட உரிய பொருள் எது? ஐரோப்பிய மரபை மட்டும் கற்பிக்கும் துறைகள் அதை வெளிப்படையாகத் தங்கள் பெயரிலேயே சொல்லிக்கொள்ளட்டும் என்று ஜே கார்ஃபீல்டும் பிரையன் வான் நோர்டனும் 2016இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்கள். மேற்கத்தியப் பேராசிரியர் இருவர் சொன்ன அந்தப் பேச்சுக்குப் பிறகும் பெரும்பாலான துறைகளின் பாடத்திட்டம் அசையவில்லை.

இதனால் நேரும் சேதத்தை லண்டனிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் வளரும் நம் பிள்ளைகளிடம் காண்கிறோம். தன் வீட்டுச் சமயத்தைப் பற்றிய பாடத்தைப் படிக்கும் பிள்ளை சிலநேரம் கூசிப் போகிறது. சிலநேரம் வீம்புக்குப் பெருமை பேசுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தன் முன்னோர் என்ன சிந்தித்தார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இழப்புதான். மனிதகுலம் வாழ்வைப் பற்றிக் கேட்ட கேள்விகளில் ஒரு பெரும் பகுதி அவர்களிடம் வந்து சேரவே இல்லை.

2. இது எப்படி நேர்ந்தது

இந்த நிலை தற்செயலாக வந்ததன்று. நாங்கள் குற்றம் சாட்டுவது ஓர் இனத்தையோ ஒரு நாட்டு மக்களையோ அன்று. ஆட்சியோடு சேர்ந்து உருவான ஓர் அறிவு முறையை, அதன் செயல்களை வைத்துக் குற்றம் சாட்டுகிறோம். அது மூன்று காரியங்களைச் செய்தது.

முதலாவதாக, சிந்திக்கிறவனைத் தகவல் சொல்கிறவனாக ஆக்கியது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் தமிழ் கற்றார், சுவடிகள் சேர்த்தார், தமிழர்களிடம் கேள்விகள் விடுத்துக் கடிதமாகப் பதில் பெற்றார். தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு பற்றி 1713இல் ஒரு நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலேயில் இருந்த அவருடைய சபையார் அதை அச்சிடவில்லை. 1867இல்தான் அது அச்சேறியது, அதுவும் சென்னையில். அந்த மனிதரின் உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அன்று அமைந்த உறவின் வடிவம் இன்றும் தொடர்கிறது: கேள்வியை அவர்கள் வைப்பார்கள், விடையை நாம் தர வேண்டும், அதன் பொருளை அவர்கள் முடிவு செய்வார்கள், வெளியிடுவதா வேண்டாமா என்பதும் அவர்கள் கையில்.

இரண்டாவதாக, ஓடிக்கொண்டிருந்த உரை மரபைச் சில நூல்களில் உறைய வைத்தது. இந்துக்களுக்கு அவர்களுடைய சாஸ்திரப்படி நீதி வழங்குவது என 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் திட்டமிட்டார். பதினொரு பண்டிதர்கள் சமஸ்கிருதத்தில் தொகுத்ததைப் பாரசீகத்தில் பெயர்த்து, அதிலிருந்து ஹால்ஹெட் ஆங்கிலமாக்கிய சட்டத் தொகுப்பு 1776இல் வெளிவந்தது. 1794இல் வில்லியம் ஜோன்ஸின் மனுநூல் மொழிபெயர்ப்பு வந்தது. உரையாசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் முரண்பட்டு, இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப விளக்கிவந்த ஒரு துறை, நீதிமன்றத்தின் வசதிக்காக மாறாத சட்டப் புத்தகமாகச் சுருங்கியது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி அதில் சாதிகளைச் சமூக மதிப்பு வரிசைப்படி அடுக்க முயன்றார். அவர் மூக்கின் அகல நீளத்தை அளந்து இனம் பிரித்தவர். பாடப் புத்தகத்து முக்கோணத்தில் இந்த வரிசைப்படுத்தலின் சாயல் இருக்கிறது.

மூன்றாவதாக, மெய்யியலின் வரலாற்றிலிருந்து இந்தியாவை வெளியே நிறுத்தியது. 1817இல் ஜேம்ஸ் மில் தம் இந்திய வரலாற்றை வெளியிட்டார். அவர் இந்தியாவைப் பார்த்ததில்லை, இந்திய மொழி எதுவும் அறியார், அதை ஒரு குறையாகக் கருதவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் வருங்கால அதிகாரிகள் பயின்ற ஹெய்லிபரி கல்லூரியில் அந்த நூல் பாடமாயிற்று. ஹெகல், கோல்புரூக்கின் கட்டுரைகள் வழியே இந்தியத் தரிசனங்களை அறிந்திருந்தும், மெய்யியலின் மெய்யான தொடக்கம் கிரேக்கத்தில்தான் என்று தம் விரிவுரைகளில் நிலைநாட்டினார். ஆக்ஸ்போர்டில் 1832இல் முதன்முதலாக நிரப்பப்பட்ட போடன் சமஸ்கிருதப் பீடம், இந்தியரைக் கிறித்தவராக்க விவிலிய மொழிபெயர்ப்பு உதவும் என்ற நோக்கத்தோடு ஒரு படை அதிகாரி விட்டுச்சென்ற செல்வத்தில் உருவானது. அந்த நோக்கம் பின்னர் நீங்கிவிட்டது. ஆனால் எந்த நோக்கத்துக்காக ஒரு துறை பிறந்ததோ அது எந்தக் கேள்விகளைக் கேட்கும், எவற்றைக் கேட்காது என்பதில் அதன் சாயல் நெடுங்காலம் நீடிக்கும்.

1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பு இவை அனைத்துக்கும் முத்திரை வைத்தது. சமஸ்கிருதமோ அரபியோ தமக்குத் தெரியாது என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். தெரியாத மொழிகளின் நூல்களைத் தாழ்த்தி அவர் தந்த தீர்ப்பு அரசின் கொள்கையாயிற்று. அந்தத் தீர்ப்பை இந்தியாவில் படித்தவர்களும் நம்பினார்கள். இன்று நம் ஊர்க் கல்லூரிகளிலேயே மெய்யியல் என்றால் சாக்ரடீசில் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. காலனிய நீக்கம் நம் வீட்டிலிருந்தும் தொடங்க வேண்டிய வேலை.

3. எங்கள் மன்றத்தின் முறை

கற்பிக்க வேண்டியது எது என்பதைத் தமிழ் நூல்களைக் கொண்டே காட்டுகிறோம்.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தார். அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் அதை விரித்துச் சிவஞானசித்தியார் பாடினார். அந்த நூலைத் திறந்தால் முதலில் வருவது சைவம் அன்று, பரபக்கம், அதாவது பிறர் தரப்பு. உலகாயதர், பௌத்தரின் நான்கு பிரிவினர், சமணர், ஆசீவகர், மீமாம்சகரின் இரு பிரிவினர், சத்தப்பிரமவாதி, மாயாவாதி, பாற்கரியவாதி, நிரீச்சுர சாங்கியர், பாஞ்சராத்திரி எனப் பதினான்கு எதிர்த்தரப்புகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு தரப்பும் தன் வாதத்தை முதலில் முழுமையாகச் சொல்கிறது. கண்ணால் காண்பதே மெய், உடலுக்கு அப்பால் உயிர் இல்லை என்னும் உலகாயதனுக்கும் அங்கே பாட்டு உண்டு, பேச உரிமை உண்டு. பிறகுதான் மறுப்பு. பதினான்கு பேரையும் கேட்டு முடித்த பின்பே சுபக்கம், அதாவது தன் தரப்பு. அதிலும் தொடக்கத்தில் அளவை இலக்கணம்: எது அறிவு, எதை வைத்து அறிகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் கடவுளைப் பற்றிய பேச்சு.

இராமானுசரும் அதையே செய்தார். ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் அத்வைதத்தின் தரப்பை நீண்ட பூர்வபட்சமாக, அதாவது எதிர்த்தரப்பின் வாதமாக, வைத்தபின்தான் அதை மறுக்கத் தொடங்குகிறார்.

இதற்கெல்லாம் முந்தைய மணிமேகலையில், வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள் ஓர் இளம் பெண். அளவைவாதியில் தொடங்கிப் பூதவாதி வரை அவள் கேட்கிறாள். அது பௌத்தக் காப்பியம். சமணரின் நீலகேசி, பௌத்தரின் குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது. இந்நூல்களை இந்து சமயத்தின் கிளைகள் என்று நாங்கள் உரிமை கொண்டாட மாட்டோம். அவை எங்கள் மரபின் எதிர்வாதிகள். எதிர்வாதி இல்லாமல் இந்த மரபு வளர்ந்திருக்காது. அதனால்தான் பௌத்தத்தையும் சமணத்தையும் உலகாயதத்தையும் தனித்தனி அத்தியாயங்களில் அடைத்து இந்துச் சிந்தனையைக் கற்பிப்பது பிழை என்கிறோம். ஒரு வழக்கில் ஒரு தரப்பின் பேச்சை மட்டும் வாசித்தால் வழக்கே புரியாது.

எதிராளி தன் வாதம் என்று ஒப்புக்கொள்ளும்படி அதை எடுத்துரைத்த பின்பே மறுக்க வேண்டும் என்ற இந்த ஒழுக்கம்தான் நாங்கள் மேற்கத்தியக் கல்வியிடம் கேட்பது. அதையே எங்களிடமும் கேட்டுக்கொள்கிறோம்.

4. எங்களுக்கு முன் நடந்தவர்கள்

நாங்கள் வெற்று நிலத்தில் நிற்கவில்லை. நாடு விடுதலை பெறும் முன்பே கே.சி. பட்டாச்சார்யா எண்ணங்களில் சுயராஜ்யம் வேண்டும் என்று மாணவர்களிடம் பேசினார். பிமல் கிருஷ்ண மதிலால் 1977 முதல் 1991 வரை ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்து, நியாயத்தையும் பௌத்த தர்க்கத்தையும் இன்றைய மெய்யியலாளரோடு நேருக்கு நேர் உரையாட வைத்தார். 1983இல் புனேயில் தயா கிருஷ்ணா முதலியோர் நடத்திய சந்திப்பில், ரஸ்ஸலின் கருத்துகளைச் சமஸ்கிருதத்தில் ஆக்கிப் பண்டிதர்கள் முன் வைத்தார்கள். பண்டிதர்கள் தங்கள் தர்க்கத்தைக் கொண்டு ரஸ்ஸலை ஆராய்ந்தார்கள். இந்தியன் தகவல் சொல்கிறவனாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவே செயல்முறைச் சான்று.

எட்வர்ட் சைத் 1978இல் ‘ஓரியன்டலிசம்’ எழுதிப் புதிய கேள்விகளுக்கு வழி திறந்தார். ரொனால்ட் இன்டன், வில்ஹெல்ம் ஹால்ப்ஃபாஸ், பாலகங்காதரா ஆகியோர் இந்தியாவை நோக்கி அக்கேள்விகளை வெவ்வேறு வழிகளில் விரித்தார்கள். தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல், சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்பை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக மன்றோவின் 1826 குறிப்பு சொல்கிறது. தமிழ் மாவட்டங்களில் மாணவருள் பெரும்பாலோர் சூத்திரர் எனப் பதிவானவர்கள். கல்வி பிராமணர் கையில் மட்டுமே இருந்தது என்ற பாடப் புத்தகச் சித்திரத்தை அரசின் சொந்தக் கணக்கே திருத்துகிறது. அதே கணக்கில் மாணவியர் மிகச் சிலர் என்பதையும் நாங்கள் மறைக்க மாட்டோம்.

மேற்கிலிருந்து வந்த அறிஞர்களுக்கு எங்கள் கடன் பெரிது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் எல்லிஸ் நிறுவினார். அவருடைய ஆய்வுக்குப் பின்னால் சென்னையின் தமிழ், தெலுங்கு அறிஞர்களின் உழைப்பு இருந்தது. மில்லின் பிழைகளை அவருடைய நூலின் பிற்பதிப்பிலேயே அடிக்குறிப்பு எழுதித் திருத்தியவர் போடன் பீடத்தின் முதல் பேராசிரியர் எச்.எச். வில்சன். மேற்கு என்பது ஒரே குரல் அன்று. அதனால்தான் அதனோடு வாதிட முடியும் என்று நம்புகிறோம்.

5. நாங்கள் மறுப்பவை

இந்த இயக்கத்தின் பெயரால் எவை நடக்கக் கூடாது என்பதை முதல் நாளிலேயே எழுதி வைக்கிறோம்.

சாதியை ஆங்கிலேயர் கண்டுபிடித்தார்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டிலேயே தீண்டாச்சேரி இருக்கிறது. காலனிய ஆட்சி சாதியை எண்ணி, அடுக்கி, இறுக்கியது என்பது உண்மை. அதற்கு முன்பே அது மனிதரைக் கொன்றது என்பதும் உண்மை. கலிபோர்னியப் பாடப் புத்தகங்கள் பற்றி 2005-06லும் 2016லும் எழுந்த சர்ச்சையில் சாதி பற்றிய பகுதிகளை நீக்கவும் மென்மையாக்கவும் இந்து அமைப்புகள் முயன்றபோது தலித் அமைப்புகள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பு நியாயமானது. அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ 1936இல் வைத்த வாதம் இந்து மரபு எதிர்கொண்ட மிக வலிய பூர்வபட்சங்களில் ஒன்று. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழில் எழுதியவையும் அப்படியே. அவற்றுக்கு இடமில்லாத பாடம் எங்கள் பாடம் ஆகாது.

வேதத்தில் விமானம் இருந்தது, புராணத்தில் அணுகுண்டு இருந்தது என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அந்தப் பேச்சும் மெக்காலேயின் அளவுகோலை ஏற்றுக்கொண்ட மனத்திலிருந்தே பிறக்கிறது. மேற்கின் பொருளை நாங்களும் முன்பே வைத்திருந்தோம் என்று சொல்பவர், மேற்கின் பொருளே உயர்ந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

நூல்களைத் தடை செய்யக் கேட்க மாட்டோம். வெண்டி டோனிகர் இந்துக்களைப் பற்றி எழுதிய நூலை 2014இல் இந்தியாவில் பதிப்பகம் விலக்கிக்கொண்டது. அந்த நூலின் பல முடிவுகளை எங்களில் பலர் ஏற்பதில்லை. ஆனால் பதினான்கு தரப்பையும் முழுதாகக் கேட்ட மரபுக்காரர்கள் ஒரு புத்தகத்தைக் கண்டு அஞ்சக் கூடாது. மறுப்பு நூல் எழுதுவதே எங்கள் வழி. ஆய்வாளர் எவரையும், அவர் எந்த நாட்டவராயினும், மிரட்டுவதும் இழிவு செய்வதும் இவ்வியக்கத்துக்குப் பகை.

எந்த அரசியல் கட்சிக்கும் இது துணை அமைப்பு ஆகாது.

6. கொள்கைகள்

1. இந்துச் சிந்தனை ஒற்றைக் கோட்பாடு அன்று; விவாதங்களின் வரலாறு. அதை விவாதமாகவே கற்பிக்க வேண்டும்.

2. ஒரு தரப்பை விமர்சிக்கும் முன் அத்தரப்பினர் ஒப்புக்கொள்ளும் வகையில் அதை எடுத்துரைக்க வேண்டும். இது எல்லோருக்கும் பொது விதி.

3. சமஸ்கிருதத்தோடு தமிழ், கன்னடம், மராத்தி, வங்காளம் முதலிய மொழிகளின் சிந்தனையும் சம மதிப்புடையது. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு எழுந்த ஈடு என்னும் உரை, சிவஞான முனிவரின் மாபாடியம், வள்ளலார், சித்தர்கள் ஆகியோரின் ஆக்கங்கள் ஆகியவை மெய்யியலின் மூலங்கள். நாட்டார் வழக்காறு என்றோ பக்திப் பாட்டு என்றோ மட்டும் ஒதுக்கத் தக்கவை அல்ல.

4. ஒரு மரபுக்குள் வாழ்பவருக்கும் வெளியிலிருந்து ஆராய்பவருக்கும் பேச உரிமை உண்டு. யாருடைய வாதமும் பிறப்பால் உயராது, பிறப்பால் தாழாது.

5. இந்து மரபால் நசுக்கப்பட்டவர்களின் சாட்சியம் இந்தப் பாடத்தின் பிற்சேர்க்கை அன்று, நடுப் பகுதி. அதைப் பேசும் உரிமை முதலில் அவர்களுக்கு.

6. காலனிய நீக்கத்தின் முடிவு, ஒரு மரபு இன்னொன்றின் இடத்தைப் பிடிப்பதில் இல்லை. எல்லா மரபுகளும் ஒரே மேசையில் சான்றோடு வாதிடுவதில் இருக்கிறது.

7. கோரிக்கைகள்

பள்ளிக் கல்வித் துறைகளிடம்: இந்து சமயப் பாடம் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு விவாதமாவது மூல நூலின் மொழிபெயர்ப்போடு இடம்பெற வேண்டும். ஜனகனின் அவையில் யாக்ஞவல்கியரைக் கேள்விகளால் நெருக்கிய கார்க்கியை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை படித்தால் போதும். பெண்ணுக்கும் கேள்விக்கும் அந்த அவையில் என்ன இடம் இருந்தது என்று அதுவே கேட்கத் தொடங்கும். சாதி பற்றிய பாடத்தில் முக்கோணப் படத்துக்குப் பதிலாக வரலாறு வர வேண்டும்: கல்வெட்டு, உரை, காலனியக் கணக்கெடுப்பு, அம்பேத்கர் என்ற வரிசையில்.

பல்கலைக்கழகங்களிடம்: இந்திய மெய்யியல் மெய்யியல் துறையின் அடிப்படைப் பாடமாக வேண்டும். அறிவின் இயல்பு பற்றிய பாடத்தில் டெக்கார்ட்டோடு கங்கேசரும் பௌத்தரான நாகார்ஜுனரும் வர வேண்டும். மரபு வழியில் பயின்ற பண்டிதர்களையும் ஆதீனப் புலவர்களையும் தகவல் தருபவர்களாக அல்லாமல் உடன் ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். அவர்கள் பெயர் நூலின் அட்டையில் வர வேண்டும்.

பதிப்பகங்களிடம்: பாடப் புத்தகத்தைத் திருத்தும் குழுவில் அந்த மூல மொழிகளை வாசிக்கத் தெரிந்தவர் இருக்க வேண்டும். ஆய்வாளர், ஆசிரியர், தலித் சிந்தனையாளர் மூவரும் அதில் இடம்பெற வேண்டும்.

ஆவணக் காப்பகங்களிடம்: ஐரோப்பிய நூலகங்களில் உள்ள இந்தியச் சுவடிகளின் படிமங்கள் கட்டணமின்றி எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும்.

8. எங்கள் கடமை

பிறரிடம் கேட்பது எளிது. எங்கள் பொறுப்பு அதைவிடப் பெரிது.

புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகிவருகிறார்கள். தஞ்சை சரசுவதி மகாலிலும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் உ.வே.சா. நூலகத்திலும் இருப்பவற்றின் நிலையும் அதுவே. வாசிக்க ஆளில்லாத மரபுக்கு உலக மன்றத்தில் யார் இடம் தருவார்கள்? சமஸ்கிருதமும் பழந்தமிழும் கிரந்த எழுத்தும் ஒருசேரக் கற்ற இளைஞர்களை உருவாக்குவது எங்கள் முதற்கடமை. அவர்களுள் எல்லாச் சாதியினரும் பெண்களும் இருப்பார்கள். முன்பு அந்தக் கதவு யாருக்கெல்லாம் மூடப்பட்டிருந்ததோ அவர்களுக்கே முதலில் திறப்போம்.

சிவஞானசித்தியார் பரபக்கம், ஈட்டின் தேர்ந்த பகுதிகள், நியாயகுசுமாஞ்சலியின் வாதங்கள் ஆகியவற்றை இன்றைய தமிழிலும் ஆங்கிலத்திலும் பள்ளி மாணவர் வாசிக்கும் வகையில் கொண்டுவருவோம். ஒவ்வொரு நூலோடும் அதன் எதிர்வாதியின் நூலையும் சேர்த்தே அச்சிடுவோம். புலம்பெயர் நாடுகளில் கோயில் சார்ந்து நடக்கும் வார இறுதி வகுப்புகளில் தேவாரம் பாடக் கற்கும் பிள்ளைக்கு, அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருக்கும் வாதத்தையும் கற்றுக்கொடுப்போம். தமிழகக் கல்லூரிகளின் மெய்யியல் பாடத்திட்டத்தை, வெளிநாட்டுக் கல்லூரிகளைக் கேட்கும் அதே கேள்விகளால் சோதிப்போம்.

தவறான ஒரு தகவலை எங்களவர் ஒருவர் பரப்பினால் அதை மறுக்கும் முதல் குரல் எங்களுடையதாக இருக்கும்.

9. அழைப்பு

இந்தப் பிரகடனத்தில் ஒப்பமிட எந்தச் சமயச் சார்பும் தேவையில்லை. எதிராளியின் வாதத்தை முழுதாகக் கேட்கும் பொறுமையும், சான்று மாறினால் நிலைப்பாட்டை மாற்றும் துணிவும் போதும். லண்டன் ஆசிரியரும் வரலாம், மதுரை ஓதுவாரும் வரலாம், சாத்திரங்களை எரிக்க வேண்டும் என்பவரும் வந்து ஏன் என்று சொல்லலாம். அவருக்குப் பேச நேரம் தருவோம். அவர் பேசி முடித்த பின்பே பதில் சொல்வோம்.

முதல் வேலையை இன்றே எடுத்துக்கொள்கிறோம். பதினான்கு வயது மாணவருக்கு ஏற்ற ஒரு வாசிப்பு நூல்: கடவுள் உண்டா, உயிர் உடலிலிருந்து வேறா, அறிவு எங்கிருந்து வருகிறது, ஒரு மனிதன் இன்னொரு மனிதனைவிடப் பிறப்பால் உயர்ந்தவனா என்ற நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இந்த மண்ணில் எழுந்த எதிரெதிர் விடைகள், அவரவர் சொந்தச் சொல்லில். எது சரி என்று அந்த நூல் சொல்லாது. அதைப் படிக்கும் பிள்ளை, லண்டனில் இருந்தாலும் சேலத்தில் இருந்தாலும், தானே வாதிட்டு முடிவுக்கு வரட்டும். அப்படி வாதிடும் தலைமுறையை உருவாக்குவதற்கே இந்த இயக்கம் பிறக்கிறது.